வெயில் ஊர்க்காரியின் எலும்பு வலி

எங்கள் அடுக்ககத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி வீடுகளில் வைட்டமின் டி நாள். 60,000 யூனிட் பவுடர் பாக்கெட்டைப் பிரித்து அரை டம்ளர் பாலில் கலக்கிக் குடிக்கிறார்கள். சிலர் மாத்திரையாக விழுங்குகிறார்கள். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். முதுகு வலிக்கும் அதுதான், முழங்கால் வலிக்கும் அதுதான், முடி கொட்டினாலும் அதுதான். வாட்ஸ்அப் குழுவில் யாராவது "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று போட்டால் போதும், டீ ஆறுவதற்குள் "வைட்டமின் டி பாத்தீங்களா?" என்று பதில் வந்துவிடும்.

இந்தப் பேச்சில் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எனக்கு நிஜமாகவே வைட்டமின் டி குறைந்து எலும்பு வலி வந்திருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று தெரிந்ததால்தான், எல்லா வலியையும் அதன் தலையில் கட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

முதலில் அந்த வலியைச் சொல்லிவிடுகிறேன். அது மூட்டில் இல்லை. முட்டி வீங்கவில்லை, சிவக்கவில்லை. தொடை, இடுப்பு, விலா, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு என்று எங்கோ ஆழத்தில் இருந்துகொண்டு நச்சரிக்கும். இங்கேதான் என்று விரலை வைத்துக் காட்டத் தெரியாது. இரவில் புரண்டு படுத்தால் விலா வலிக்கும். பள்ளிக்கு எடுத்துப்போகும் தோள்பையின் வார் பட்ட இடம் வலிக்கும். தைலம் தேய்க்க என் மகள் அழுத்தினால், தேய்க்காமல் விட்டதே தேவலை என்று தோன்றும்.

வலியைவிட என்னைப் பயமுறுத்தியது பலவீனம். தரையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவது என் நெடுநாள் பழக்கம். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி, படிப்படியாக என்னையே நான் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலி போட்டிருந்தால் அப்பாடா என்று இருக்கும். மாநகரப் பேருந்தின் முதல் படியில் கால் வைத்தால், கம்பியைப் பிடித்த கைதான் என்னை மேலே இழுக்கும். "ஏம்மா இப்படி ஆடி ஆடி நடக்குற?" என்று மகள் கேட்டபோது, நான் ஆடி நடப்பதே எனக்குத் தெரியாது.

ஓர் இடத்தில் "நாப்பது தாண்டிடுச்சு, வெயிட்டக் குறைங்க" என்றார்கள். இன்னோர் இடத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள், ரத்தத்தில் கால்சியம் பார்த்து, நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பார்த்த பொது மருத்துவர் வயதான அம்மா. காகிதத்தைக் கையில் எடுக்குமுன்பே, "கையக் கட்டிக்கிட்டு நாற்காலில இருந்து எழுந்திரும்மா" என்றார். முடியவில்லை. அப்புறம் புடவையைச் சற்று உயர்த்தச் சொல்லி, கணைக்கால் எலும்பின் முன்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பலமாகக்கூட இல்லை, காய்கறிக் கடையில் தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அழுத்தம்தான். எனக்கு உயிர் போயிற்று. நடு மார்பெலும்பில் அதேபோல ஒரு அழுத்தம், அதே வலி. "இது தசைப்பிடிப்பு இல்லம்மா, எலும்பே நோகுது" என்றார்.

அதன் பிறகுதான் வைட்டமின் டி எழுதினார். கூடவே பாஸ்பரஸ், எலும்பில் வேலை மும்முரமானால் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, சிறுநீரகம். வைட்டமின் டி ஒரு மில்லிக்கு 6 நானோகிராம் என்று வந்தது. அந்த எண்ணைவிட அவர் அதிக நேரம் பார்த்தது மற்ற வரிகளைத்தான். பாராதைராய்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸும் எகிறியிருந்தன, பாஸ்பரஸ் இறங்கியிருந்தது. கால்சியம் மட்டும் நல்ல பிள்ளையாக நார்மலுக்குள் உட்கார்ந்திருந்தது.

கால்சியம் நார்மலாக இருந்தும் எலும்பு ஏன் நொந்தது என்று எனக்குப் பிடிபட நாளாயிற்று. நாம் சாப்பிடும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது போதுமான அளவு இருந்தால் சாப்பிட்டதில் 30 முதல் 40 சதவீதம் வரை உள்ளே போகும், இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். ஆனால் இதயமும் நரம்பும் ஓட ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. குறையப் போகிறது என்றதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கறந்து ரத்தத்தில் விடுகின்றன. அதே ஹார்மோன் சிறுநீரில் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. எலும்பு தினமும் தன்னைப் புதுப்பிக்கிற உறுப்பு. புதிதாகப் போடும் புரதச் சட்டத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் படிந்து இறுகினால்தான் அது எலும்பு. இறுகாவிட்டால் மெத்தென்ற படலமாகவே நிற்கும். பெரியவர்களுக்கு வந்தால் ஆஸ்டியோமலேசியா, குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ். அந்த இறுகாத படலம் நீர் கோத்து உப்பி, எலும்பைச் சுற்றியுள்ள உறையை உள்ளிருந்து தள்ளுகிறது, உறையில் வலி நரம்புகள் நிறைய இருப்பதால்தான் கட்டைவிரல் பட்டதும் அப்படி வலிக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தொடையும் இடுப்பும் சோர்ந்துபோவது இதே நோயின் இன்னொரு பாதி. உடம்பின் நடுவை ஒட்டிய பெரிய தசைகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் பேனா பிடிக்க முடிந்த என்னால் படியேற முடியவில்லை.

வயதானவர்களுக்கு வரும் எலும்புத் தேய்மானமான ஆஸ்டியோபோரோசிஸ் வேறு. அதில் எலும்புத் திசுவின் அளவே குறைகிறது, உடையும் வரை பெரும்பாலும் வலிக்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற சென்னையில் எனக்கு எப்படி 6? காலை ஏழரைக்கு வேன், நாள் முழுக்க வகுப்பறை, ஐந்து மணிக்கு வீடு. புடவை, முழங்கை வரை ரவிக்கை, வெளியே போனால் குடை. சைவச் சமையல். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. மொட்டை மாடிக்கதவு பூட்டியிருக்கும், சாவி சங்கச் செயலாளரிடம். பெண்ணாகப் பிறந்தவள் காதில் சின்ன வயதிலிருந்தே "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே" என்று ஓதியிருக்கிறார்கள். ஊரில் வெயில் இருப்பது வேறு, என் தோலில் அது படுவது வேறு.

எல்லாரும் சொல்கிற 'காலை இளவெயில்' இதற்கு உதவாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி கதிர், ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதி. சூரியன் தாழ இருக்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் அந்தப் பகுதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நம் அட்சரேகையில் இருக்கும் திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் உற்பத்தி உச்சம். கடிகாரம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயில் பயன்படும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வது வீண், பி கதிரைக் கண்ணாடி விடாது. தோல் கறுப்பாக இருக்க இருக்க மெலனின் என்ற தோல் நிறமி அதை வடிகட்டுவதால் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் உச்சிவெயிலில் போய் நில்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், மயங்கி விழுந்தால் அது வேறு கேஸ். மார்கழி, தை மாதத்து நண்பகல் தாங்கும். அப்போதும் அலுவலகம் போகிற பெண் பன்னிரண்டு மணிக்குக் கைகால் தெரிய எங்கே போய் நிற்பாள் என்ற கேள்விக்கு எந்த ஆரோக்கியக் குறிப்பிலும் பதில் இல்லை.

இந்த நோயின் கதையே ஊர் மாறி வந்த கதை. தொழிற்புரட்சிக் காலத்து ஐரோப்பிய நகரங்களில், கரிப்புகைக்கும் குறுகிய சந்துகளுக்கும் நடுவே வளர்ந்த குழந்தைகளின் கால்கள் வளைந்தன. தியோபால்ட் பாம் என்ற மருத்துவர் ஜப்பானில் மிஷனரியாக வேலை செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். அங்கே பார்க்காத ரிக்கெட்ஸை இங்கே தெருவுக்குத் தெரு பார்த்து யோசித்தார். ஆசியாவில் வேலை பார்த்த மருத்துவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டார். ஏழ்மையும் அழுக்கும் இருந்தும் வெயில் உள்ள ஊர்களில் அந்த நோய் அரிது என்று தெரிந்தது. வெயில்தான் மருந்து என்று 1890இல் எழுதினார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு குழந்தையின் ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்ச, எக்ஸ்ரேயில் இரண்டு கை எலும்பும் ஒன்றாகத் தேறியிருந்தன. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் போகிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி கிடையாது. அதே ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளை வைத்து மீன் ஈரல் எண்ணெயின் பலனைக் காட்டினார். 1922இல் அமெரிக்க விஞ்ஞானி மெக்கல்லம் அந்தச் சத்துக்கு டி என்று எழுத்துக் கொடுத்தார்.

வெயில் நாட்டில் வராது என்று பாம் நினைத்த நோய், வெயில் நாட்டிலேயே வெயில் படாதவர்களுக்கு வந்தது. வட இந்தியாவில் பர்தாவுக்குள் இருந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகி வளைந்து பிரசவம் சிக்கலானதைப் பிரிட்டிஷ் காலத்து மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 1960களில் கிளாஸ்கோவுக்குக் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களிடம் அது மறுபடி தலைகாட்டியது. இன்று ஏசி அறைக்குள் மூடிக்கொண்டு வேலை செய்யும் நம் முறை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். என் ஓரகத்திக்கும் உடம்பெல்லாம் வலி. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் வைட்டமின் டி 17 என்று வந்தது. சிவப்பு எழுத்தில் 'குறைவு'. எட்டு வாரம் பாக்கெட் குடித்தாள், மறுபரிசோதனையில் 38 ஆயிற்று, வலி ஒரு இம்மிகூடக் குறையவில்லை. "இன்னொரு கோர்ஸ் போடலாமாக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத் தரையிலிருந்து எழுவதில் கஷ்டம் இல்லை, எலும்பை அழுத்தினால் நோவு இல்லை. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகத்தில் லேசான உப்பல் மட்டும் இருந்தது. கடைசியில் தைராய்டு சுரப்புக் குறைவு. அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தாள்.

அவளுக்கு 17 இருந்ததில் பொய் இல்லை. ஆனால் இந்திய நகரங்களில் எடுத்த ஆய்வுகள் பலவற்றில் 50 முதல் 90 சதவீதம் பேருக்கு இந்த அளவு குறைவாகத்தான் இருக்கிறது. தெருவில் போகிற யாரைப் பிடித்துப் பார்த்தாலும் குறைவாக இருக்கும் ஊரில், வலிக்கிறவருக்கும் குறைவாக இருப்பது எதை நிரூபிக்கும்? அமெரிக்காவின் மின்னியாபோலிஸில் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலியோடு வந்த 150 பேரைப் பரிசோதித்ததில் 93 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் வலி இல்லாதவர்களை எடுத்து ஒப்பிடவில்லை. வலிக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த சோதனைகளை 2015இல், மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் குழு தொகுத்தபோது, நாள்பட்ட வலி பொதுவாக அதனால் குறைகிறது என்று சொல்லும்படி ஒரு சீரான பலன் கிடைக்கவில்லை. 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் சோதனையில் தினம் 2,000 யூனிட் சாப்பிட்டும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் குறைபாடு உள்ளவர்களே இல்லை. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். என்னைப் போல அடிமட்டத்தில் இருந்தவளுக்கு வேலை செய்ததும், சுமாராக இருந்தவர்களுக்குச் செய்யாததும் முரண் இல்லை.

எது குறைவு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. 2011இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் பெரும்பாலோரின் எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்றது. அதே ஆண்டு ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. நம் ஊர் லேப்கள் பல அந்த 30ஐப் பிடித்துக்கொண்டன. எண்டோகிரைன் சொசைட்டியே 2024இல் அந்த 30 இலக்கைக் கைவிட்டுவிட்டு, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாக வேண்டாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. லேப் காகிதத்தில் மட்டும் 24க்கும் சிவப்பு எழுத்து விழுந்துகொண்டிருக்கிறது.

உடம்பு வலிக்கு வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. என் மாமனாருக்குத் தொடை வலி வந்தது கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கிய பிறகு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளூரைடு மிகுந்த ஊர்களில் முதுகும் மூட்டும் இறுகி நோவதற்குப் பெயர் ஃப்ளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வயதானவருக்கு எலும்பு வலியோடு ரத்தசோகையும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால் பாக்கெட் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, மைலோமா போன்ற புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மறுபக்கம், வலிப்புக்கு வருஷக்கணக்கில் ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவர்கள், குடல், ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்கள் ஆகியோருக்கு என்னுடையதைப் போன்ற வலி வந்தால் வைட்டமின் டி-யை முதலிலேயே நினைக்க வேண்டும்.

எனக்கு என்ன நடந்தது என்றால், வாரம் ஒரு பாக்கெட், மதியச் சாப்பாட்டோடு. கொழுப்பில் கரைகிற சத்து என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம் என்றார். தினமும் கால்சியம் மாத்திரை. எலும்பு கட்டச் செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் கூப்பிட்டு என்ன பயன் என்பது டாக்டரின் வாதம். முதலில் திரும்பியது பலம்தான். சில வாரங்களில் கையை ஊன்றாமல் எழுந்தேன். வலி அத்தனை சீக்கிரம் விடவில்லை. விலா முதலில் விட்டது, தொடை அப்புறம், கணைக்கால் கடைசியாக, மாதக்கணக்கில். நடுவில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் குறையவில்லையே என்று பதறினேன். எலும்பு மும்முரமாக ஆறும்போது அது கொஞ்ச நாள் உயர்ந்துதான் நிற்கும் என்றார். இப்போது தினம் 1,000 யூனிட் மட்டும்.

சாப்பாட்டிலேயே சரிசெய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: மத்தி, கானாங்கெளுத்தி சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். முட்டை மஞ்சள்கருவில் ஏறத்தாழ 40 யூனிட். நாளுக்கு 600 யூனிட் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கீரையிலும் பருப்பிலும் கிடையாது. கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு, வைட்டமின் டி இல்லை. பால், எண்ணெய் பாக்கெட்டில் எஃப் எழுத்தோடு ஒரு கூட்டல் குறி போட்டிருந்தால் சத்து சேர்த்தது என்று அர்த்தம், நல்லதுதான், ஆனால் இரண்டு டம்ளர் பாலில் தேவை தீராது.

சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிக் குடிக்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு குடித்தவர்கள் வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். சிறுநீரகமே அடிவாங்கும். ஆறு லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொண்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை என்பார்கள். ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் வாய்வழியே கொடுத்த சோதனையில், 2010இல் வெளிவந்தது, அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடின.

இதை எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டது கைக்குழந்தையைப் பற்றி. "அத்தை தினமும் எண்ணெய் தேச்சு ஏழு மணி வெயில்ல காட்டுறாங்கக்கா, போதாதா?" எண்ணெய் தேய்ப்பதும் மடியில் போட்டுக் கொஞ்சுவதும் குழந்தைக்கு நல்லது, விட வேண்டாம். வைட்டமின் டி அதில் கிடைக்காது, தாய்ப்பாலிலும் மிகக் குறைவு. முதல் வயது முடியும் வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம். ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் விற்கிறது, 800 உள்ளதும் விற்கிறது. கடைக்காரர் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் லேபிளைப் படித்துவிட்டு டிராப்பரில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.